ஆர்னா ரெக்கவரி இல்லக்கா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆஸ்பத்திரி கிருமி, சூப்பர்பக், மருந்துக்கு அடங்காத பாக்டீரியான்னு உங்க பேப்பர்ல அப்பப்போ வர்ற செய்தி எதையும் நான் விடறதில்ல. எல்லாத்துலயும் கடைசில "டாக்டர் சீட்டு இல்லாம பொதுமக்கள் ஆன்டிபயாட்டிக் வாங்கி சாப்பிடக்கூடாது"ன்னு ஒரு வரி வரும், அதோட முடிஞ்சிரும். சரிதான், நான் இல்லங்கல. ஆனா அந்த வரியை படிக்கிறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும். ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்த லெட்டர், நீளமா போச்சுன்னா நீங்களே வெட்டிக்கோங்க.

போன தை மாசம் ஒருநாள் ராத்திரி பதினொன்னரைக்கு எங்க அக்கா போன் பண்ணினா. அத்தான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில ஆபரேஷன் ஆகி பன்னெண்டாவது நாள் அது, ஆபரேஷன் நல்லா முடிஞ்சு வார்டுக்கு வந்தவர் நாலாவது நாள் மூச்சு வாங்குதுன்னு திரும்ப ஐசியுக்கு போனார், கழுத்துல மருந்து ஏத்தற டியூப் (லைன்னு சொல்வோம்), கீழ யூரின் டியூப், வாய்ல வென்டிலேட்டர் டியூப். அக்கா சொல்றா, "ஏண்டி, ரத்தத்துல எடுத்த டெஸ்டு பேப்பரை வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன் பாரு, வரிசையா ஆர் ஆர் ஆர்னு போட்டிருக்கு, ஆர்னா ரெக்கவரி தானே, நர்ஸம்மாவை கேட்டா டாக்டர் வந்து சொல்வாருங்கறாங்க."

எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. நான் முப்பத்தோரு வருஷம் மைக்ரோபயாலஜி லேப்ல வேலை பாத்தவ, அந்த ஆரை கையால எழுதி எழுதியே சம்பளம் வாங்கினவ. ஆர்னா ரெசிஸ்டன்ட், அந்த மருந்து அந்த கிருமிய ஒன்னும் பண்ணாதுன்னு அர்த்தம். அத்தானோட பேப்பர்ல பதினெட்டு மருந்து பேரு, பதினேழுக்கு நேரா ஆர். கடைசியா கொலிஸ்டின்னு ஒன்னு, அதுக்கு மட்டும் ஐ, அதாவது இன்டர்மீடியட், வேலை செஞ்சாலும் செய்யலாம். கிருமி பேரு கிளெப்சியெல்லா நிமோனியே.

கொலிஸ்டின் 1950கள்ல வந்த மருந்து. கிட்னிய கெடுக்குதுன்னு பின்னாடி டாக்டருங்க ஓரம் கட்டிட்டாங்க, இப்ப வேற வழி இல்லாம பரண்ல இருந்து எறக்கி தூசி தட்டி போடறாங்க. அதுக்கு நேரா எஸ், அதாவது மருந்து நல்லா கேக்கும்ங்கற எழுத்து, கூட போட முடியாது சார், 2020ல இருந்து லேப்ல பாக்கற அமெரிக்க வழிகாட்டில கொலிஸ்டினுக்கு எஸ்ங்கற எழுத்தையே எடுத்துட்டாங்க, அதிகபட்ச நல்ல செய்தியே ஐ தான். இத நான் அக்காட்ட சொல்லல. "ஆர்னா ரெக்கவரி இல்லக்கா, காலைல வரேன்"னு மட்டும் சொன்னேன்.

லேப்ல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இத பாத்தவங்க கம்மி. ரத்தமோ யூரினோ சளியோ வந்தா அதுல இருக்கற கிருமிய முதல்ல வளத்து எடுக்கணும். அப்புறம் அத ஒரு பிளேட் முழுக்க தடவி, மேல மருந்து தோச்ச சின்ன சின்ன பேப்பர் வட்டத்தை வெப்போம், டிஸ்க்குன்னு பேரு, ஒன்னு 6 மில்லிமீட்டர். ராத்திரி பூரா இன்குபேட்டர்ல இருக்கும். காலைல எடுத்து பாத்தா மருந்து வேலை செஞ்ச டிஸ்க்க சுத்தி கிருமி வளராம வட்டமா தெளிவா இருக்கும், கோலத்துல புள்ளிய சுத்தி வெறும் தரை தெரியுமே அந்த மாதிரி. அந்த வட்டத்தை ஸ்கேல் வெச்சு அளந்து ரிப்போர்ட் எழுதுவோம். நான் வேலைக்கு சேந்த 1988ல பிளேட்ட பாத்தா வட்டம் வட்டமா அழகா இருக்கும், ஒன்னோட ஒன்னு முட்டிக்கும். வருஷம் போக போக ஒவ்வொரு வட்டமா சுருங்குச்சு. முதல்ல ஆம்பிசிலின் போச்சு, அப்புறம் ஜென்டாமைசின், அப்புறம் செஃபோடாக்சிம், சிப்ரோ. சீனியர் மேடம் ஒருத்தங்க இருந்தாங்க, அவங்க சொல்வாங்க, இமிபெனம் டிஸ்க்க மட்டும் பாத்துக்கோம்மா, அது நம்ம வீட்டு நிலைக்கதவு, அது போனா வீடு போச்சுன்னு. எங்க லேப்ல 2009 வாக்குல ஒரு காலைல அந்த டிஸ்க்க சுத்தியும் கிருமி ஒட்டிக்கிட்டு வளந்திருந்துச்சு. நான் டிஸ்க்கு கெட்டுப்போச்சுன்னு நெனச்சு புது டப்பா பிரிச்சு மறுபடி போட்டேன், மறுநாளும் அதே.

அதுக்கு அடுத்த வருஷம், 2010 ஆகஸ்ட்ல, லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் பத்திரிகைல இமிபெனத்துக்கே அடங்காத இந்த மாதிரி கிருமிங்கள பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. என்டிஎம்-1. அந்த என், டி ரெண்டும் நியூ டெல்லி, அந்த பேரு வெச்சதுக்கு நம்ம ஊர்ல பெரிய சண்டையே நடந்துச்சு, நம்ம மெடிக்கல் டூரிசத்த கெடுக்க வெள்ளைக்காரன் பண்ற சதின்னு டிவில பேசினாங்க. கட்டுரைல முதல் பேரு யாரோடதுன்னு பாத்தவங்க கம்மி, சென்னை பல்கலைக்கழகத்தோட கார்த்திகேயன் குமாரசாமி. சென்னைல இருந்தே 44 கிருமி மாதிரி அதுல இருந்துச்சு, ஹரியானால இருந்து 26, இங்கிலாந்துல இருந்து 37. நம்ம பையன் கண்டுபிடிச்சு சொன்னத நாம பேருக்காக சண்ட போட்டு மறந்துட்டோம். மறு வருஷமே டெல்லில தெருவுல தேங்கின தண்ணில 171 சாம்பிள் எடுத்ததுல 51ல அந்த என்டிஎம் ஜீன் இருந்துச்சு, குழாய் தண்ணி 50ல ரெண்டுல இருந்துச்சுன்னு இன்னொரு கட்டுரை வந்துச்சு.

இந்த என்டிஎம் என்ன பண்ணும்னா இமிபெனம், மெரோபெனம் மாதிரி பெரிய மருந்த வெட்டி போடற ஒரு என்சைம். அத செய்யற ஜீன் கிருமியோட மெயின் புஸ்தகத்துல இல்லாம தனியா ஒரு துண்டு சீட்டு மாதிரி இருக்கும். பரீட்சை ஹால்ல பிட் பாஸ் பண்ற மாதிரி பக்கத்துல இருக்கற கிருமிக்கு அத குடுத்துரும், அது வேற ஜாதி கிருமியா இருந்தாலும் சரி. ஈ.கோலை கிளெப்சியெல்லாவுக்கு குடுக்கும். இதுங்களுக்கு இருபது நிமிஷத்துல ஒன்னு ரெண்டாயிரும், நாம மூணு வருஷம் கமிட்டி போட்டு யோசிக்கிறதுக்குள்ள அதுங்க எத்தனை தலைமுறை தாண்டியிருக்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

இப்ப அந்த கடைசி வரிக்கு வரேன். மெடிக்கல் ஷாப்புல சீட்டு இல்லாம வாங்கறது தப்பு, ஹெச்1 லிஸ்ட்டுன்னு 2014 மார்ச்லயே சட்டம் வந்தாச்சு, 46 மருந்து, அதுல ஆன்டிபயாட்டிக்கே 24, யாருக்கு எவ்ளோ வித்தோம்னு ரெஜிஸ்டர் எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும், அட்டைல சிவப்பு கோடு பாக்கலாம். எத்தனை கடைல எழுதறாங்கன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். சளி காய்ச்சலுக்கு அசித்ரோமைசின் மூணு மாத்திரைன்னு கேட்டு வாங்கறதுல எங்க வீட்டுலயே ஆள் இருக்காங்க. அத நான் மறுக்கல. ஆனா எங்க அத்தான் வாழ்நாள்ல மாத்திரையே புடிக்காத மனுஷன், தலைவலிக்கு சுக்கு அரைச்சு பத்து போடறவர். அவருக்கு அந்த கிருமி ஆஸ்பத்திரில வந்துச்சு. யாரோ ஒருத்தர் கைல இருந்தோ, பக்கத்து பெட்டு ஆளோட யூரின் பேக்ல இருந்தோ, கை கழுவற சிங்க் ஓட்டைல இருந்தோ வந்துச்சு. அதுக்கு பொதுமக்களை திட்டி என்ன பிரயோஜனம்?

நான் நர்ஸ்களையும் திட்ட வரல, அத தெளிவா சொல்லிடறேன். வென்டிலேட்டர்ல இருக்கற ஆளுக்கு ஒருத்தருக்கு ஒரு நர்ஸ்னு புஸ்தகத்துல இருக்கு. அன்னைக்கு ராத்திரி நான் போய் உக்காந்து பாத்தேன், ரெண்டு பொண்ணுங்க, ஏழு பெட்டு, அதுல நாலு வென்டிலேட்டர். இருபத்தி ரெண்டு இருபத்தி மூணு வயசு இருக்கும் அதுங்களுக்கு. ஒரு பேஷன்ட்டுக்கு சளி உறிஞ்சிட்டு இருக்கறப்பவே அடுத்த மானிட்டர் கத்துது, கைல கிளவுஸோட ஓடுது. கைக்கு ஆல்கஹால் ரப் போட்டு தேச்சு காய இருபது முப்பது செகண்ட் ஆகும், சோப்பு தண்ணின்னா ஒரு நிமிஷம் கிட்ட ஆகும். ஒவ்வொரு தடவையும் ஒழுங்கா பண்ணினா அந்த ராத்திரி வேற வேலையே நடக்காது. அந்த பொண்ணை குத்தம் சொல்றது ரொம்ப சுலபம். ஆளு போடாத மேனேஜ்மென்ட்ட யாரு சொல்றது?

கிளவுஸ் பத்தி ஒன்னு. கிளவுஸ் போட்டா சுத்தம்னு எல்லாரும் நெனக்கிறாங்க, அது போட்டிருக்கறவங்களுக்குத்தான் பாதுகாப்பு. அதே கிளவுஸோட பெட் கம்பி, மானிட்டர் பட்டன், பக்கத்து பேஷன்ட்னு தொட்டா கிருமிக்கு அது பஸ் மாதிரி. அசினெட்டோபாக்டர்னு ஒன்னு இருக்கு, அது காஞ்ச கம்பி மேல வாரக்கணக்குல உசுரோட உக்காந்திருக்கும். ஐசியுல இருந்து எங்க லேப்புக்கு வந்த அசினெட்டோபாக்டர்ல பத்துல எட்டுக்கு மேல மெரோபெனத்துக்கு அடங்கல, ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் வருஷா வருஷம் போடற ரிப்போர்ட்லயும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். அந்த ரிப்போர்ட் நெட்ல யாரு வேணா பாக்கலாம், ஆனா அதுல எந்த ஆஸ்பத்திரின்னு தெரியாது. நாடு பூரா சேத்து ஒரு நம்பர், அத வெச்சு எங்க அக்கா என்ன பண்ணுவா?

நான் சொல்ல வந்த விஷயமே இதான் சார். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன்னோட ஐசியுல வந்த கிருமி கணக்க வாசல்ல போர்டுல எழுதி வெக்கணும். புதுசா எதுவும் எண்ண வேண்டாம், ஏற்கனவே எண்ணிட்டுத்தான் இருக்காங்க. ஆஸ்பத்திரி தரத்துக்கு குடுக்கற என்ஏபிஹெச் சர்டிபிகேட் வாங்கின ஆஸ்பத்திரில இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ்னு ஒருத்தங்க இருப்பாங்க, கழுத்து லைன்ல வந்த இன்ஃபெக்ஷன் எத்தனை, யூரின் டியூப்ல வந்தது எத்தனை, வென்டிலேட்டர்ல வந்த நிமோனியா எத்தனை, ஆபரேஷன் காயத்துல வந்தது எத்தனைன்னு மாசா மாசம் கணக்கெடுத்து கமிட்டிக்கு குடுக்கணும். டியூப் சம்பந்தப்பட்டதுக்கு, எல்லாருக்கும் டியூப் போட்டிருந்த நாள கூட்டி 1000 நாளுக்கு இவ்ளோன்னு கணக்கு. நானே அந்த கமிட்டில வருஷக்கணக்கா மூலைல உக்காந்து டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டிருக்கேன். ரிப்போர்ட் படிப்பாங்க, கையெழுத்து போடுவாங்க, ஃபைல் பீரோவுக்கு போயிரும். ஆடிட் வர்ற வாரம் மட்டும் எல்லா சிங்க்லயும் சோப்பு இருக்கும்.

இங்கிலாந்துல எம்ஆர்எஸ்ஏன்னு, மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஒரு கிருமி பெரிய தலைவலியா இருந்துச்சு. மெத்திசிலின் மருந்து வந்து ரெண்டு வருஷம் கூட ஆகாம 1961லயே அங்க அத கண்டுபிடிச்சுட்டாங்க, அப்புறம் நாப்பது வருஷம் அது பாட்டுக்கு வளந்துச்சு. 2001ல இருந்து ரத்தத்துல எம்ஆர்எஸ்ஏ வந்த கேஸ் அத்தனையும் கட்டாயம் சொல்லணும்னாங்க, ஆஸ்பத்திரி நிர்வாகம் வாரியா பேரோட நம்பர வெளில போட்டாங்க. 2003-04ல ஒரு வருஷத்துக்கு 7,700 கேஸ். பத்திரிகைக்காரங்க கிழிச்சு தொங்கவிட்டாங்க. 2004ல அரசாங்கம் 2008க்குள்ள பாதியாக்கணும்னு சொல்லுச்சு, அப்பத்தான் ஒவ்வொரு பெட்டு பக்கத்துலயும் கைக்கு தேய்க்கற ஜெல்லு வந்துச்சு, டாக்டருங்க முழங்கைக்கு கீழ ஒன்னும் போடக்கூடாது, வாட்ச் கூட கூடாதுன்னு ரூல் வந்துச்சு, அட்மிஷன்லயே மூக்குல ஸ்வாப் எடுத்து பாத்தாங்க. 2008-09ல 3,000க்கு கீழ வந்துருச்சு. புது மருந்து கண்டுபிடிச்சு இல்ல, அசிங்கமா போச்சேன்னு. இதே சமயத்துல அங்க ஈ.கோலை குறையல, அதையும் சொல்லிடணும், எது போர்டுல இருந்துச்சோ அதத்தான் கவனிச்சாங்க.

இஸ்ரேல் கதை எங்க அத்தான் கிருமியோடதே. 2006ல மெரோபெனத்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா ஊரு பூரா ஆஸ்பத்திரில பரவிருச்சு. 2007 மார்ச்ல இருந்து 27 பெரிய ஆஸ்பத்திரியும் தினமும் மேலிடத்துக்கு கணக்கு சொல்லணும், அந்த கிருமி இருக்கற பேஷன்ட்ட தனியா வெக்கணும், அவங்களுக்குன்னு தனி நர்ஸ் போடணும்னு ஆர்டர். செய்யாத ஆஸ்பத்திரிக்கு நேர்ல ஆள் போச்சு. பேஷன்ட்டுங்க எல்லாரும் படுத்திருந்த நாள கூட்டி, ஒரு லட்சம் நாளுக்கு 55.5 கேஸ்னு இருந்தது 2008 மே மாசத்துல 11.7க்கு எறங்கிருச்சு. ஒன்னரை வருஷம் கூட ஆகல.

நம்ம ஊர்ல யோசனைக்கு பஞ்சமே இல்ல. 2012ல சென்னைலயே டாக்டருங்க சங்கம் பலதும் சேந்து உக்காந்து, மருந்துக்கு அடங்காத கிருமிய எப்படி சமாளிக்கறதுன்னு சென்னை டிக்ளரேஷன்னு ஒன்னு எழுதினாங்க, டாக்டர் அப்துல் கஃபூர் முன்னால நின்னு பண்ணினார். எல்லாத்தையும் நாளைக்கே நிறுத்துன்னு சொல்லாம நம்ம ஊருக்கு எது நடக்குமோ அதுல இருந்து ஆரம்பிப்போம்னு எழுதின நல்ல பேப்பர் அது. 2017ல மத்திய அரசு தேசிய திட்டம் போட்டுச்சு. 2019ல கோழிக்கும் பண்ணை மீனுக்கும் கொலிஸ்டின் போடக்கூடாதுன்னு தடை வந்துச்சு, அது நெஜமாவே நல்ல வேலை, ஏன்னா அதுவரைக்கும் மனுஷனுக்கு கடைசி மருந்து, கோழிக்கு தீவனம். பக்கத்து கேரளாவுல மாநிலத்துக்குன்னு தனி திட்டம் 2018ல போட்டு, சீட்டு இல்லாம விக்கற கடைல ரெய்டு வரைக்கும் போயிட்டாங்க.

போர்டு வெக்கணும்னு சொன்னா என்ன பதில் வரும்னு எனக்கு மனப்பாடம், ஏன்னா கமிட்டில நான் ரெண்டு தடவை இத கேட்டு ரெண்டு தடவையும் அதே பதில வாங்கியாச்சு. பேஷன்ட் பயந்துருவாங்க மேடம்பாங்க. ஏற்கனவே பயந்துதான் இருக்காங்க, எதுக்கு பயப்படணும்னு தெரியாம பயந்திருக்காங்க. இன்னொன்னு, மத்த ஆஸ்பத்திரி கைவிட்ட கேஸெல்லாம் எங்ககிட்ட வருது, எங்க நம்பர் கூடத்தான் இருக்கும்பாங்க. இது நியாயமான பேச்சு. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளுக்கு நாலு மாவட்டத்துல இருந்து ஆம்புலன்ஸ்ல கிருமியோடவே வர்றாங்க. அதுக்கு வழி, வந்த அன்னைக்கே ஸ்வாப் எடுத்து பாக்கணும், அப்ப கொண்டு வந்தது எது, இங்க புடிச்சது எதுன்னு பிரிஞ்சிரும். அடுத்த ஆஸ்பத்திரியோட ஒப்பிட வேண்டாம், போன வருஷம் இதே ஐசியு எப்படி இருந்துச்சுன்னு பாத்தா போதும்.

ஆனா ஒரு திருட்டுத்தனம் நடக்கும், லேப்ல இருந்தவளுக்குத்தான் தெரியும். நம்பர் வெளில போகுதுன்னு தெரிஞ்சா சில இடத்துல கல்ச்சரே, அதாவது கிருமிய வளத்து பாக்கறதுக்கு ரத்தம் சளியே, அனுப்ப மாட்டாங்க. கல்ச்சர் அனுப்பாட்டா கிருமி இல்ல, கிருமி இல்லாட்டா கணக்கு ஜீரோ, போர்டுல ஜீரோன்னு எழுதி மாலை போட்ரலாம். இப்பவே பாதி இடத்துல மருந்து ஏத்தி ரெண்டு நாள் கழிச்சுத்தான் ரத்த பாட்டில் எங்ககிட்ட வரும், அதுல என்ன வளரும்? அதனால ஐசியுல மொத்தம் எத்தனை பேரு எத்தனை நாள் இருந்தாங்க, எத்தனை ரத்த கல்ச்சர் அனுப்பினாங்கங்கறதும் சேந்து போர்டுல இருக்கணும். அத பாத்தாலே யாரு ஒளிக்கிறாங்கன்னு தெரிஞ்சிரும்.

அத்தான் பொழச்சுட்டார். நாப்பத்தி மூணு நாள். கொலிஸ்டின் கிட்னிய புடிச்சு நாலு தடவை டயாலிசிஸ் ஆச்சு, இப்ப வாக்கர் வெச்சு வாசல் வரைக்கும் வரார், உப்பு இல்லாத சோறு சாப்பிட சொல்றான்னு அக்காவோட தினமும் சண்ட. பில்லு பதினோரு பக்கம். கிளவுஸ் 236 ஜோடி, மாஸ்க், பஞ்சு, ஊசி எல்லாம் எண்ணி எண்ணி போட்டிருக்காங்க, ஒன்னு விடல. டிஸ்சார்ஜ் சம்மரி ரெண்டு பக்கம், அதுல செப்சிஸ்னு, அதாவது கிருமி தொற்று முத்திப்போச்சுன்னு, ஒரு வார்த்தை. கிளெப்சியெல்லாங்கற பேரே இல்ல. நாளைக்கு அவர வேற ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினா அங்க இருக்கற டாக்டருக்கு அவர் குடல்ல அந்த கிருமி இன்னும் உக்காந்திருக்கலாம்னு எப்படி தெரியும்? டிஸ்சார்ஜ் அன்னைக்கு நான் போய் கேட்டேன், இந்த மாசம் இந்த ஐசியுல இதே கிளெப்சியெல்லா எத்தனை பேருக்குங்கன்னு. அங்க இருந்த தம்பி மரியாதையாத்தான் பேசினார். "அது இன்டர்னல் டேட்டாங்க மேடம், வெளில குடுக்கறதில்ல"ன்னார். நான் கல்ச்சர் ரிப்போர்ட்டோட நகலாவது வேணும்னு நின்னு வாங்கிட்டு வந்து ஃபைல்ல முதல் பக்கமா குத்தி வெச்சிருக்கேன். யாரு வீட்ல ஐசியு கேஸ் இருந்தாலும் நான் இதத்தான் சொல்றேன், மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி கல்ச்சர் எடுத்தாச்சான்னு கேளுங்க, ரிப்போர்ட் வந்ததும் நகல் வாங்குங்க, டியூப் எல்லாம் இன்னைக்கும் தேவையான்னு தினமும் கேளுங்க, அது தேவையில்லாம ஒரு நாள் கூட உள்ள இருக்கக்கூடாது. கோவப்பட்டா படட்டும்.

உங்ககிட்ட ஒரு உதவி சார். பிரைவேட்ட நாம கட்டாயப்படுத்த முடியாது, அரசு ஆஸ்பத்திரிக்கு ஆர்டிஐ போடலாம். உங்க ரிப்போர்ட்டர் யாரையாவது மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஒன்னொன்னுக்கும் போட சொல்லுங்க. கேள்வி நானே எழுதி தரேன்: போன பன்னெண்டு மாசத்துல உங்க ஐசியுல மொத்தம் எத்தனை பேஷன்ட் நாள், எத்தனை ரத்த கல்ச்சர் அனுப்பினீங்க, அதுல எத்தனைல கிளெப்சியெல்லாவும் அசினெட்டோபாக்டரும் வந்துச்சு, எத்தனை மெரோபெனத்துக்கு அடங்கல, ராத்திரி ஷிப்டுல எத்தனை பெட்டுக்கு எத்தனை நர்ஸ். கடைசி கேள்விய மட்டும் விட்றாதீங்க, மத்த நாலுக்கும் அதுலதான் பதில் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன்,
திருச்சி மாவட்டம்.

(பேரு போட வேண்டாம், அத்தானுக்கு மாசா மாசம் செக்கப் அதே ஆஸ்பத்திரிலதான்.)